இரண்டு அங்குலம் கீழே

கார்கில் சண்டை நடந்த ஆனி மாதத்தில், பசுவந்தனை ஆறுமுகத்தாய் பட்டாளத்துக் கடிதம் ஒன்றை என் மேஜையில் விரித்து, காற்றில் பறந்துவிடாமல் நான்கு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கோவில்பட்டி கோர்ட்டுக்கு எதிரே மரத்தடியில் மனு எழுதுகிறவன் நான். தங்கை கல்யாணத்துக்கு லீவில் வந்த அவள் மகன் செல்லத்துரை இருபது நாள் கூடுதலாகத் தங்கிவிட்டான். உடனே வந்து சேராவிட்டால் ஓடிப்போனவனாகக் கருதப்படுவான் என்றது கடிதம்.

“அவன் போயிருதேன்னுதான் சொல்லுதான் அண்ணாச்சி. போனா என்ன செய்வாவன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் அந்த வார்த்தை வராது. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு தடித்த புத்தகம் என்னிடம் இருந்தது. ராணுவச் சொற்களுக்கும் ராணுவச் சட்டத்துக்குமான ஆங்கில அகராதி. முதல் பக்கத்தில் 1862 என்று போட்டிருக்கும். கோர்ட் வாசலில் வேறு எவனிடமும் அப்படி ஒன்று கிடையாது என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வருஷத்தைக் கவனிக்காமல் இல்லை. பழசு என்றால் உறுதி என்று நினைத்த மடையன் நான்.

ஓடிப்போனவனுக்கு என்ன தண்டனை என்று தேடி எடுத்து, தமிழில் சொன்னேன். இடது கக்கத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ‘டெசர்ட்டர்’, அதாவது ஓடிப்போனவன், என்பதற்கு அடையாளமாக ‘டி’ என்ற ஆங்கில எழுத்தைப் பதிப்பார்கள். போர்க்காலமானால் உயிரையும் எடுப்பார்கள். அந்த எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டாள். கடித உறையின் பின்பக்கத்தில் பெரிதாக வரைந்தும் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மூன்று வருஷம் கழித்து, லீவில் வந்திருந்த கண்ணுசாமி என்ற பட்டாளத்து ஹவில்தார் நிலத் தகராறுக்கு மனு எழுத வந்தார். லீவு முடிந்தும் இருபது நாள் திரும்பாத சிப்பாயை என்ன செய்வார்கள், இன்னும் போகாமலே இருந்தால் என்ன ஆகும் என்று பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

“இருவது நாளுக்கா? கொஞ்ச நாளு உள்ள அடச்சு வச்சுட்டு வேலைக்கு விட்டிருப்பாவ. இப்பப் போனாலும் ஜெயிலு, வேலை போவும். அவ்வளவுதான்.”

மறுநாள் காலை பஸ்ஸில் பசுவந்தனைக்குப் போனேன். மகன் வடக்கே இருப்பதாகத்தான் அவள் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள். நல்ல பகலில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே, பருத்தி மூட்டைகளுக்குப் பின்னால், வெயில் படாமல் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான் செல்லத்துரை. இருபத்தாறு வயது. கண்ணுசாமி சொன்னதைச் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன்.

“பொஸ்தகத்துல போட்டிருக்குல்லா அண்ணாச்சி,” என்றான் அவன். “பாதிய இங்கனயே முடிச்சிட்டோம். இதக் காட்டுனா மிச்சத்தக் கொறைப்பாவளா?”

சட்டையைக் கழற்றி இடது கையைத் தூக்கினான். கக்கத்துக்கு இரண்டு அங்குலம் கீழே ஆறிப்போன சூட்டுத் தழும்பு. நான் வரைந்த எழுத்துதான். கம்பியை அந்த உறையின்மேல் வைத்து வளைத்திருக்கிறார்கள். தோலில் பதிந்தபோது இடம் வலமாகத் திரும்பிவிட்டது. தன் கையால் தனக்கே அவ்வளவு ஆழமாக, அவ்வளவு நேராக ஒருவனால் வைத்துக்கொள்ள முடியாது.

ஆறுமுகத்தாய் அடுப்பங்கரை வாசலில் நின்றாள். வலது கையை மட்டும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.