பாதாளத்தில் ஒரு லிஃப்ட்

1

இந்தக் கதை இப்படி ஆனதே என் கொழுந்தனோடு போட்ட சண்டையில்தான். லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவர் போன பிறகு, செத்த கணவனை மீட்கச் சாவுக் கடவுளின் வாசலுக்குப் போன பெண்ணின் புராணத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன்.

‘பாதாளத்தை இருள் சூழ்ந்திருந்தது. அவள்...’

(வேண்டாம். பாதாளத்தை வேறென்ன சூழும்?)

‘பாதாளத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது.’

இது சரியாக உட்கார்ந்துகொண்டது.

2

அச்சகத்தில் பிழை திருத்தும் கொழுந்தன் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அண்ணி, லிஃப்ட் பொய். அங்க படிக்கட்டுதான்.”

“ஏறிப் பாத்தீங்களா தம்பி?”

“புராணத்துல இருக்கே!”

“அப்ப புராணம் நடந்ததா?”

“நடக்கல. ஆனா அதுல இருக்கிறது நடக்கலன்னாலும் நிஜம். நீங்க சேக்கிறது நடக்கலன்னா பொய்.”

“உங்கண்ணன் முட்டிக்குப் படிக்கட்டு ஆகாது.”*

“சரி, லிஃப்ட் இருக்கட்டும். ஆனா புராணத்துல அவன் திரும்பி வந்துடுறான். அதையாவது மாத்தாதீங்க அண்ணி.”

* இந்த முட்டி எந்தப் புராணத்திலும் இல்லை. தைலம் தேய்த்தவள் நான்.

3

கீழே அவர் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார். (‘அவன்’ என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை.)

“படியேறியே இடுப்பு போச்சுப்பா,” என்றார் சாவுக் கடவுள். (படிக்கட்டு, தம்பிக்காக.) “என்ன வேணும், கேளு.”

“வீட்டுக்குப் போகணும்.”

“போயிட்டு வா.”

அவர் ஏறிப் பொத்தானை அழுத்தினார். நகரவில்லை. கடவுளே அழுத்திப் பார்த்தார். ம்ஹூம்.

மேலே, வருகிறவரைத் தவறவிடக் கூடாதென்று அந்தப் பெண் லிஃப்டின் கம்பிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். குழிக்குள்ளிருந்து குரல் வந்தது:

“யாரும்மா மேல கதவைத் திறந்து வச்சிருக்கிறது? மூடினாத்தானே வண்டி நகரும்!”

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவர் போடும் சத்தம். இதை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.

4

முடிவு ஒன்று: அவள் மூடுகிறாள், அவர் வருகிறார். கொழுந்தனுக்குத் திருப்தி.

முடிவு இரண்டு: அவள் மூடுகிறாள், லிஃப்ட் வருகிறது, உள்ளே யாரும்

(அடித்துவிட்டேன்.)

நான் மூடப்போவதில்லை. திறந்திருக்கும்வரை அவர் திட்டிக்கொண்டிருப்பார், எனக்குக் கேட்கும். அவர் வந்தே ஆக வேண்டுமென்று தோன்றினால் நீங்கள் மூடுங்கள். மெதுவாக. விரலை நசுக்கிக்கொண்டால் அதற்கும் திட்டுவார்.