எட்னா ஹாலம் வீட்டு முன்னறைக் கடல்

டெர்பிஷயர் மலைப்பக்கத்தில், எந்தக் கடற்கரைக்குப் போவதானாலும் பேருந்தில் அரை நாள் பிடிக்கும் க்ராம்பிரிட்ஜ் ஊரில், எட்னா ஹாலம் என்ற விதவையின் வீட்டு முன்னறைக்குள் தினமும் இரண்டு தடவை கடல் ஏறி, முழங்கால் அளவு நின்று, வடிந்துகொண்டிருந்தது. கணவர் இறந்த வருடம் தொடங்கியது அது. முதல் வாரம் ஊரே திரண்டு வந்து பார்த்தது. அடுத்த வாரம் பாசி நாற்றம் என்று எதிர்வீட்டுக்காரர் நகரசபைக்குப் புகார் எழுத, நகரசபை அதைக் குழாய்க் கசிவுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தது. எட்னா கம்பளத்தைச் சுருட்டி மாடியில் வைத்தாள், சோபாவைச் செங்கல்மேல் ஏற்றினாள், கடல் விட்டுப்போன மட்டிகளைப் பொறுக்கி வினிகர் ஊற்றித் தின்றாள். இப்படியே பதினோரு வருடம் ஓடிற்று. தனக்குப் பிறகும் கடல் வந்துபோக வசதியாக வீட்டை ஒரு டிரஸ்டில் வைக்கப்போவதாக அவள் சொன்ன அன்றுதான் அண்ணன் மகன் க்ளைவுக்கு அத்தைமேல் திடீர்ப் பாசம் பொங்கியது. அத்தைக்குச் சுயமாக முடிவெடுக்கும் திறன் இல்லை, அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்து வீட்டை விற்க வேண்டும் என்று வழக்குப் போட்டான்.

எட்னாவுக்காக, லண்டனில் வக்கீல்கள் கூடியிருக்கும் லிங்கன்ஸ் இன்னிலிருந்து வக்கீல் ரோவினா லின்டேல் வந்தாள். டிரஸ்ட், உயில், மனத்திறன், வரி ஆகிய நான்கும்தான் அவள் தொழில். பார்க்க நான்காகத் தெரிந்தாலும் அது ஒரே குடும்பத்துக் கதை: ஒருவருக்கு வயதாகிவிட்டது, ஒரு வீடு இருக்கிறது, ஒருவன் காத்திருக்கிறான், அவனுக்குப் பின்னால் வரிசையில் அரசாங்கமும் நிற்கிறது. இந்தக் கதையில் எந்த முனையை இழுத்தால் எது அவிழும் என்று ரோவினா அளவுக்குத் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் அதிகம் இல்லை. தெரிந்த மாதிரி தொண்டையைச் செருமுகிறவர்கள் ஏராளம்.

“செருப்பக் கழட்டிட்டு வா கண்ணு, இப்ப வந்துரும்” என்றாள் எட்னா. வந்தது. ரோவினா நனைந்த காலுறையைப் பிழிந்து நாற்காலிமேல் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

“கடலுக்குன்னு டிரஸ்ட் எழுத முடியாதும்மா. எனக்குச் சேர வேண்டியது சேரலன்னு கோர்ட்டுல வந்து கேக்க ஆள் வேணும்.”

“வீட்டுக்குள்ளயே வருது, கோர்ட்டுக்கு வராதா?”

“வரும். வக்கீல் வைக்காது.”

“அப்ப அதுக்குப் புத்தி இருக்கு” என்றாள் எட்னா.

பின்னறை மேசையில் தேநீர் ஆறுவதற்குள் ரோவினா வழி கண்டுபிடித்துவிட்டாள். அந்த மலைப்பக்கத்துப் பிள்ளைகளில் கடலையே பார்க்காதவர்கள் நிறைய. அவர்கள் வந்து கால் நனைக்கும் தர்ம காரியத்துக்கு வீட்டைக் கொடுத்தால், கோர்ட்டில் வந்து கேட்க அரசாங்கமே ஆள் என்பதால் டிரஸ்டும் செல்லும், வாரிசு வரியும் கிடையாது. ஆனால் எட்னா கையெழுத்துப் போடலாம் என்று நீதிபதி சொன்னால்தான் இத்தனையும்.

எட்னாவுக்கு இடுப்பு சரியில்லாததால் நீதிபதி பெண்டில்பரியே வீட்டுக்கு வந்து விசாரித்தார். கடல் ஏறும் நேரமாக இருந்ததால் கால்சட்டையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். க்ளைவின் வக்கீல் சர் லயனல் கோர்ட்னி, புதுக் காலணியுடன் தரையில் நின்று, கடல் என்பது இந்த மூதாட்டியின் மனப்பிரமை என்று தொடங்கினார். மனப்பிரமைக்கு ஆதாரம் அடுக்கும்போது மாடிப்படியின் முதல் படியில் நின்றார். முடிக்கும்போது மூன்றாம் படியில் இருந்தார். அவர் தரப்பு மருத்துவரை ரோவினா எழுந்து விசாரித்தாள்.

“இந்த அம்மாவச் சோதிச்சப்ப எங்க உக்காந்திருந்தீங்க டாக்டர்?”

“உக்காரல. நின்னேன்.”

“எங்க?”

“மேசை மேல.”

“எதுக்கு?”

“கீழ ஈரமா இருந்துச்சு.”

ரோவினா உட்கார்ந்துவிட்டாள். எப்போது உட்கார வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பாதி. சர் லயனலுக்கு அந்தப் பாதி கடைசிவரை பிடிபடவில்லை. அவர் படியில் நின்றபடியே கட்சி மாறினார்: சரி, கடல் உண்மைதான்; உண்மையான கடலுக்குள் குடியிருக்கிறவளுக்குப் புத்தி சரியில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். வழக்கு கைநழுவுவதை ரோவினா பார்த்தாள். தானே பதில் சொல்ல அவளிடம் நிறையச் சட்டம் இருந்தது. மடத்தனமான முடிவெடுப்பதும் மனிதர் உரிமை, நன்மை தீமையை எடைபோடத் தெரிந்தால் போதும் என்பது அதில் முதலாவது. அதை மட்டும் சொல்லி, எடைபோட்டதை எட்னாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். வேறு எந்த வக்கீலும் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கமாட்டார்.

“ஏம்மா இத விக்கக் கூடாது?” என்று நீதிபதி கேட்டார்.

“விப்பான் கண்ணு, தாராளமா விப்பான். வாங்கறவன் சிமென்ட் போட்டு அடைப்பான். அடைச்சா போயிருமா? பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்க கீழறையில கைக்குழந்தை தூங்குது. எனக்கு முட்டி வரைக்கும்தான். அதுக்குத் தலைக்கு மேல. காலு நனையுதேன்னு நான் எழுந்து போயிரட்டுமா?”

க்ளைவ் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த அறையில் இன்று எடைபோடத் தெரிந்தவர் இந்த அம்மாள்தான், வீடு இவர் இஷ்டம் என்று தண்ணீர் வடிவதற்குள் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்.

டிரஸ்ட் பதிவானது. கடல் வாடகை ஏதும் தருகிறதா, தந்தால் வரி உண்டு என்று வரித்துறை எழுதியது. மட்டி தருகிறது, தின்றாகிவிட்டது என்று ரோவினா பதில் எழுதினாள். பிள்ளைகள் பள்ளிப் பேருந்துகளில் வந்து அலறி, நனைந்து, நண்டிடம் கடி வாங்கித் திரும்பினார்கள். அவர்களை அதட்டிக்கொண்டே எட்னா ஒன்பது வருடம் அந்த வீட்டிலேயே இருந்து, ஒரு மார்ச் மாதம் மாடியில் தன் படுக்கையில் இறந்தாள். அன்று மட்டும் கடல் முன்னறையோடு நிற்காமல் மாடிப்படி ஏறி, படுக்கையறை வாசலில் சற்று நின்று, சத்தமில்லாமல் இறங்கிப் போனது. படிக் கம்பளம் பாழானது. மாற்றும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று டிரஸ்டிகள் லண்டனுக்குக் கேட்டு எழுதினார்கள். திரும்பத் திரும்ப வரும் செலவை வருமானக் கணக்கில் கழிக்க வேண்டும். இது ஒரே தடவைதான் நடக்கும், மூலதனக் கணக்கில் எழுதலாம் என்று ரோவினா பதில் அனுப்பினாள். அப்படியே எழுதினார்கள்.