றஹ்மத் உம்மாவின் நித்திரை

1

போன மாசியில் பள்ளிக்கூடத் தோழி கமறியா தொலைபேசியில் கூப்பிட்டு என்னைத் திட்டினாள். கற்பிட்டியின் அகதி முகாம்களைப் பற்றி நான் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரையை அவளுடைய மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"தண்ணி வரிசைய எழுதியிருக்கிறாய். ஓலைக் கொட்டில எழுதியிருக்கிறாய். பாம்பு வந்ததக்கூட எழுதியிருக்கிறாய். ஜுனைதா எங்க?"

"மறந்துட்டன்" என்றேன்.

"பொய் சொல்லாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் மறக்கவில்லை. பயந்தேன். இந்தக் கதை அந்தப் பயத்தில்தான் தொடங்குகிறது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"1990 ஐப்பசியில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வள்ளங்களில் ஏறி —" இல்லை. இதைக் கட்டுரையிலேயே எழுதிவிட்டேன்.

"அவளுடைய கண்கள் காற்றில்லாத நாளின் களப்பைப் போல —" இல்லை. ஜுனைதாவின் கண்கள் கண்களைப் போலத்தான் இருந்தன.

"ஜுனைதா வகுப்பில் நித்திரை கொண்டாள்." இது இருக்கட்டும்.

3

ஜுனைதா வகுப்பில் நித்திரை கொண்டாள். வருடம் 1994. நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். கடைசி வாங்குப் பலகையில் நான்கு பேர், நால்வருக்கும் பதினாறு வயது. நானும் எமிலியாவும் ஊர்ப் பிள்ளைகள். என் வாப்பாவுக்குத் தையற்கடை. எமிலியாவின் அப்பா கடலுக்குப் போகிறவர். கமறியாவும் ஜுனைதாவும் முகாமிலிருந்து மணலில் நடந்து வருவார்கள்.

முதலில் கணக்குப் பாடத்தில் மட்டும் தூங்கினாள். பிறகு எல்லாப் பாடங்களிலும். ஒருநாள் கணக்கு சேர் எறிந்த சோக்கட்டி நெற்றியில் பட்டும் அவள் எழும்பவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது. கமறியா சிரிக்கவில்லை. இடைவேளையில் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

"என்னடி குடிக்கிறாய்? சொல்லு."

ஜுனைதா சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள், கிளினிக் மாத்திரைகள்.

"உம்மாட" என்றாள்.

[இந்த இடத்தில் கதையை நிறுத்தி அவளுடைய உம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் றஹ்மத் உம்மா. வள்ளத்தில் வந்தபோது அவருடைய கடைசிப் பிள்ளை, ஒரு வயது, காய்ச்சலில் மடியிலேயே மௌத்தானது. கரை சேரும்வரை அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடலில் விடச் சொல்வார்கள் என்று பயம். பிள்ளைக்கு முந்தானையால் வெயில் மறைத்தபடியே வந்து இறங்கினார். அன்று போன நித்திரை திரும்பி வரவில்லை. கிளினிக்கில் நித்திரைக் குளிசை கொடுத்தார்கள். மாதாமாதம் அட்டையைக் கொண்டுபோய் அதை வாங்கி வருவது மூத்த மகளின் வேலை.]

"அதக் குடிச்சா உம்மாட முகம் அப்பிடியே லேசாகும். எனக்கும் ஒருநாள் அப்பிடி இருந்தாப் போதும் எண்டுதான் பாதி குடிச்சன்" என்றாள் ஜுனைதா. பாதி ஒன்றாகி, ஒன்று நாலாகியிருந்தது.

"அப்ப உம்மாவுக்கு?" எமிலியா கேட்டாள்.

"வெள்ள விற்றமின் குளிச குடுக்கிறன். உம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது."

"அவ நித்திர கொள்ளுறாவா?"

ஜுனைதா பொட்டலத்தை மறுபடி மடித்தாள்.

"இல்ல. உம்மாட நித்திரைய நான் திண்டுட்டன்."

4

முதற்படியில் நான் எழுதியது: "எமிலியா பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் களப்பில் எறிந்தாள்."

வசதியான வாக்கியம். எமிலியா இப்போது இத்தாலியில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். தமிழ்ச் சஞ்சிகை அவள் கைக்குப் போகாது.

எறிந்தது நான். எறிந்துவிட்டு, "இண்டையோட முடிஞ்சிது" என்றேன். கமறியா என்னைக் கட்டிப்பிடித்தாள். ஜுனைதாவும் சிரித்தாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சோறு தின்றேன்.

மறுநாள் அவளுடைய கைகள் நடுங்கின. "நல்லது, விஷம் இறங்குது" என்றேன். எனக்கு என்ன தெரியும்? மூன்றாம் நாள் சரித்திரப் பாடத்தில் ஜுனைதா வாங்கிலிருந்து சரிந்தாள். வலிப்பு. கால்கள் மேசையை உதைத்தன. வாயிலிருந்து இரத்தம் வந்தது, நாக்கைக் கடித்திருந்தாள். கமறியா அவளுடைய தலையை மடியில் தாங்கிக்கொண்டு கலிமாச் சொன்னாள். எமிலியா தெருவுக்கு ஓடி ஒரு மீன் லொறியை மறித்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

(நான் எதையாவது செய்ததாக ஒரு வரி சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேர்க்கவில்லை.)

நாக்கில் நான்கு தையல் போட்டார்கள்.

5

றஹ்மத் உம்மா தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில் கமறியா ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மிஸ்ஸி சிங்களப் பெண். தெரிந்த தமிழில் எங்களை ஏசினார்.

"ஒரேயடியா நிப்பாட்ட ஏலாது. பிள்ளை செத்துப் போகும், தெரியுமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்க வேணும்." பிறகு ஜுனைதாவிடம் திரும்பி, "அம்மாக்கு நீதான் சொல்ல வேணும்" என்றார்.

டொக்டர் எழுதிக் கொடுத்தார். வாராவாரம் குளிசையை வாங்கி எமிலியா வைத்துக்கொண்டாள். பிளேட்டால் வெட்டுவது கமறியா. வாரம் போகப்போகத் துண்டு சிறிதாகும். நடுக்கம் வரும்போது அவளோடு நடப்பது என் வேலை. பள்ளிக்கூட மதிலைச் சுற்றிச் சுற்றி நடப்போம். அவள் என்னைத் தூஷணத்தால் ஏசுவாள். ஒருமுறை கையைக் கடித்தாள். எமிலியா தலவிலைத் தேவாலயத்து அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். கமறியா நோன்பு பிடித்தாள். எனக்கு நடக்க மட்டுந்தான் தெரிந்தது.

வீட்டில் உம்மாவுக்கு மறுபடி சரியான குளிசை கிடைத்தது. ஆனால் ஜுனைதா வாய் திறக்கவில்லை. நாங்கள் தினமும் கேட்டோம்: "உம்மாட்டச் சொல்லிட்டியா?" "நாளைக்கு" என்பாள். எட்டாவது வாரம், இன்னும் நாலு குளிசை வேண்டும் என்று எமிலியாவின் காலில் விழுந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமை முகம் வீங்கி வந்து, "சொல்லிட்டன்" என்றாள்.

அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

றஹ்மத் உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். ஜுனைதா எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு சொன்னார்:

"எனக்குத் தெரியும் மகள். குளிசைட ருசி மாறினது எனக்குத் தெரியாதா? நீ நல்லா நித்திர கொண்டாய். வள்ளத்தில வந்த நாளையில இருந்து நீயும் நித்திர கொள்ளல்லத்தானே. நீயாவது கொள்ளட்டும் எண்டு விட்டுட்டன். அது உன்னத் திண்ணும் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

கிணற்றடியில் நாங்கள் நான்கு பேரும் அழுதோம். அதற்குப் பிறகு ஜுனைதா ஒரு துண்டுகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. இருபதாவது வாரம் குளிசை முடிந்தது.

6

முடிவாக இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஜுனைதா பரீட்சையில் ஒன்பது பாடமும் சித்தியடைகிறாள். (ஐந்துதான்.) மற்றதில் தாயும் மகளும் ஊர் திரும்பி — அது ஒரு வரியைத் தாண்டவில்லை. றஹ்மத் உம்மா 2001இல் முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். சண்டை ஓய்ந்த பிறகு ஜுனைதா புருஷனோடு மன்னாருக்குப் போனாள். அதன்பின் நான் அவளோடு கதைத்ததே இல்லை. நாக்கில் நாலு தையலுக்குக் காரணமானவள் என்ன கதைப்பது?

ஐந்து பகுதிகளையும் கமறியாவின் மகள் மூலம் ஜுனைதாவுக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது. சில எழுத்துகளில் அவளுடைய நாக்கு இன்னும் தடக்குகிறது.

"வாசிச்சன். நல்லா இரிக்கி. அஞ்சாவதுதான் நடக்கல்ல."

"எது?"

"உம்மா சொன்னது. நான் உம்மாட்டச் சொல்லவே இல்ல."

நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"நீங்க மூணு பேரும் கேட்டுக் கேட்டுக் களைச்சிட்டீங்க. எனக்கு உங்கள விட்டா ஆள் இல்ல. கைவிட்டுடுவீங்களோ எண்டு பயத்தில சொல்லிட்டன் எண்டன். உம்மா என்ன சொன்னா எண்டு எமிலியா கேட்டா. வாய்க்கு வந்தது அது. நீங்க அழுதீங்க. நானும் நம்பிட்டன் போல. அதுக்குப் பிறகு நடுக்கத்தத் தாங்கிக்க முடிஞ்சிது."

"உம்மாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாதா?"

"தெரியாது. 'அந்த வருசம் மருந்துகூட எனக்குக் கேக்கல்ல, நான் என்ன பாவம் செய்தனோ' எண்டு மௌத்தாகும் வரைக்கும் சொல்லிட்டே இருந்தா. நான் பக்கத்திலதான் இருந்தன்."

7

"அப்ப அந்தப் பகுதிய அடிச்சிடவா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு கோழி கத்துவது கேட்டது.

"அடிக்காத. அதுல மட்டுந்தான் உம்மாவுக்குத் தெரியும்."

ஆகவே ஐந்தாம் பகுதி எழுதியபடியே இருக்கிறது. அதில் உம்மா சொன்னது நடக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். இன்றைக்கு நித்திரை வருகிறதா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டாள். அவளுடைய பதிலை நான் இட்டுக்கட்டப் போவதில்லை. விரும்பியவர்கள் றஹ்மத் உம்மா அரிசி களையும் இடத்திலேயே கதையை நிறுத்திக்கொள்ளலாம். என்னால் அங்கே நிறுத்த முடியவில்லை.