நான்கு பாக்கெட் உப்பு

அந்த முதியோர் இல்லத்தில் கட்டிலுக்கு ஒரு சாப்பாட்டு அட்டை. வேளைக்கு வேளை எவ்வளவு உள்ளே போனது என்று அதில் முழு, அரை, கால் என்று குறிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் கால் விழுந்தால் டாக்டர் வருவார், மூக்கு வழியாகக் குழாய் வரும்.

ஏழாம் கட்டில் டெய்லரின் அட்டையில் பத்து நாளாக முழு, முழு, முழு. எழுதியவள் பாப்பா. நாற்பத்தெட்டு வயது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். அங்கே சாப்பாடு ஊட்டிவிடுகிற வேலை. பாப்பா என்று செல்லப்பேர் வைத்ததே டெய்லர்தான். உண்மையில் அந்தப் பத்து நாளும் அரைத்துக் குழைத்த சாப்பாடு குப்பைக் கூடைக்குத்தான் போனது. மனிதர் வாயைத் திறந்தால்தானே? மத்தியானச் சத்துப்பால் மட்டும், அதுவும் அவள் கரண்டி கரண்டியாக ஊட்டினால், இறங்கும்.

போன வருடம் குழாயைப் பிடுங்கிப் போட்டார் என்று அவருடைய கைகளைக் கட்டில் கம்பியோடு கட்டிவைத்தார்கள். அறுபது வருடம் கத்தரிக்கோல் பிடித்த கைகள். கட்டை அவிழ்த்த அன்று அவர் அழுததைப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். இனி குழாய் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். இவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

இன்று எடை பார்க்கிற நாள். அட்டையில் பொய் எழுதலாம், எடை மேடையிடம் அது செல்லுமா? கடைசியில் புத்தி போன போக்கில், ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகள் நான்கை எடுத்து வந்து, சக்கர நாற்காலியில் இருந்தவர் மடியில் அடுக்கிப் போர்வையால் மூடினாள். டெய்லர் குனிந்து பார்த்து, எத்தனையாவது மாசம் என்று கேட்டார். சிரிக்கிற நிலைமையிலா இருந்தாள் அவள்?

டயட்டீஷியன் சின்னப் பெண், மனசு கெட்டவள் இல்லை. அவரை நாற்காலியோடு மேடையில் ஏற்றி, நாற்காலியின் கனத்தைக் கழித்துப் பார்த்தாள். போன மாதத்தைவிட ஒரு கிலோ கூட. பாப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். போன உயிர் திரும்பி வந்தது. அதுவும் அரை நிமிஷம்தான்.

“நல்லா தேறிட்டாரே. இனி இவருக்குச் சத்துப்பால் வேண்டாம், எட்டாம் கட்டில் அம்மாவுக்குக் குடுத்துடுங்க. இருக்கறதே நாலு டின்தான்.”

சொல்லிக்கொண்டே அட்டையில் பால் என்று இருந்ததை அடித்துவிட்டாள். அவருக்குள்ளே இறங்குகிற ஒரே ஆகாரத்துக்கும் பாப்பா தன் கையாலேயே உலை வைத்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டால் பட்டினி, திறந்தால் குழாய். தன் வேலையும் போகும் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

போர்வையை விலக்கினாள். பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். மேடையில் எண் இறங்கிக்கொண்டே போனது.

“அவரு சாப்பிடல மேடம். நான்தான் முழுன்னு எழுதினேன்.”

டயட்டீஷியன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகம் வெளுத்துப்போய், எத்தனை நாளாக என்று கேட்டாள். பதில் வந்ததும் டாக்டருக்குப் போன் போட்டாள்.

பாப்பாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டெய்லர் கோபப்படவில்லை. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, மணிக்கட்டைச் சேர்த்து, அவள் முன்னால் நீட்டினார்.

“கட்டுறதுன்னா நீயே கட்டு பாப்பா. அவங்க ரொம்ப இறுக்கிடுவாங்க.”