ஸ்கார்பியில் ஏழு குற்றங்கள்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. அந்தத் தாளைக் கண்ணாடியில் ஒட்டியவன் நான்தான்.

ஸ்கார்பி என்கிற இந்த ஆங்கிலேயக் கிராமத்தில் தபால் நிலையமும் மளிகைக் கடையும் ஒரே அறையில் இருக்கின்றன. இருபத்தொரு வருடமாக அதை நடத்துகிறேன். காணாமல் போன பூனை, யோகா வகுப்பு, விற்பனைக்கு உருளைக்கிழங்கு, எல்லாம் என் கடைக் கண்ணாடிக்குத்தான் வரும். போன நவம்பரில் போலீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. 'ஹோல்ம்வேல்: நாட்டின் பாதுகாப்பான மாவட்டங்களில் ஒன்று.' கீழே ஊர்வாரியாகக் குற்றங்களின் எண்ணிக்கை. ஸ்கார்பிக்கு நேரே, ஒரு வருடத்துக்கு, 7.

முதல் வரைவை இப்படித் தொடங்கினேன்: 'கோதுமை வயல்களுக்கு நடுவே, தேவாலயக் கோபுரத்தின் நிழலில் ஸ்கார்பி உறங்கிக்கொண்டிருந்தது. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு—'

இல்லை. இருட்டோடு எழுந்து முட்டைக்கோசு வெட்டுகிற ஊர் அப்படியெல்லாம் உறங்காது.

இரண்டாவது வரைவு: 'பிணத்தை முதலில் பார்த்தவர்—'

ஆங்கிலேயக் கிராமம் என்றதும் நீங்கள் ஒரு பிணத்தை எதிர்பார்ப்பீர்கள் என்று தெரியும். மன்னிக்கவும், பிணம் கிடையாது. உடைந்த கை ஒன்று இருக்கிறது. அது அந்த ஏழில் சேரவில்லை.

ஆகவே பெவர்லி ஸ்கெல்டனிடமிருந்து தொடங்குகிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பால் வாங்க வந்தவள் தாளைப் படித்துவிட்டு, ரொட்டி அடுக்கு அதிரச் சிரித்தாள்.

"ஏழா? தேவ், பக்கத்துல ஒரு சைபர் ஒட்டாம விட்டுட்டியா பாரு, கண்ணு."

பிறகு சிரிப்பு நின்றது. தாளின் அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் அவள் படித்துவிட்டாள். குற்றம் குறைவாக இருப்பதால், வயல்புறத்துக்கென்று இருக்கிற இரண்டு போலீஸ்காரர்களும் அவர்களுடைய ஒற்றை வண்டியும் ஏப்ரலிலிருந்து நகரத்துக்கு மாற்றப்படுகிறார்கள்.

2

பெவ்வைப் பற்றி முதலில் எழுதியதில் அவளை ஒரு விதவையாக்கி இருந்தேன். லேசாகக் காலைத் தாங்கி நடப்பதாகவும் எழுதினேன். துயரம் இருந்தால் உறுதிக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்று நினைப்பு. அதை அவளுக்கு வாய்மொழியாக ஆங்கிலத்தில் சொன்னேன்.

"என்னை எதுக்கு விதவையாக்கின? என் புருஷன் டெர்ரி அங்க சோஃபாவுல மூச்சு விட்டுக்கிட்டுதானே கிடக்கான்? காலுக்கு என்ன கேடு?"

"கதைக்காக, பெவ்."

"கதைக்கு நான் இப்படியே போதும்."

போதும்தான். ஐம்பத்தாறு வயது, முப்பத்துமூன்று இருக்கைப் பேருந்து, இந்தப் பக்கத்துச் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. எந்த வாசற்கதவின் பூட்டு அறுக்கப்பட்டது, எந்தக் கொட்டகையில் போன வாரம் நின்ற நாலு சக்கர குவாட் பைக் இந்த வாரம் இல்லை என்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து அவளுக்குத் தெரியும்.

தாள் வருவதற்கு முந்தின மாதம், அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பேருந்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள். அறுவடை முடிந்து வயல்கள் மொட்டையாகிவிட்டால் எங்கிருந்தோ ஆட்கள் வேட்டை நாய்களோடு வருவார்கள். காட்டு முயலைத் துரத்தவிட்டு, எந்த நாய் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். வேலி, விதைத்த நிலம், வாசற்கதவு, எதுவும் அவர்கள் வண்டிகளுக்குத் தடையில்லை. சட்டப்படி குற்றம். ஊர்க்காரர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள்.

அன்று நெவில் மாவர் இழுத்துக்கொள்ளவில்லை. எழுபத்தொரு வயது விவசாயி. தன் வயலின் வாசலுக்கு நடுவே போய் நின்று, கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார். வயலுக்குள்ளிருந்து வந்த முதல் வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. அதன் பக்கவாட்டுப் பகுதி அவர் கையில் மோதி, அவரைக் கம்பத்தோடு அறைந்தது. கைபேசி சக்கரத்துக்கு அடியில் போயிற்று. அதே வேகத்தில் சாலைக்கு ஏறிய வண்டி நேராகப் பேருந்தை நோக்கி வந்தது. பெவ் ஸ்டியரிங்கை ஒடித்தாள். இடப்பக்கச் சக்கரங்கள் வாய்க்காலின் விளிம்பில் போய் நின்றன.

"ஓட்டினவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான், தேவ். அவசரமே இல்லாம. பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கிற மாதிரி."

(அந்தச் சிரிப்பை விவரிக்க ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் சொன்னதே போதும்.)

இருபது நிமிடம் முன்னால் அந்தப் பேருந்தில் இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள்.

3

ஆஸ்பத்திரிக்கு நெவிலைப் பேருந்திலேயே கொண்டுபோனாள். முன் இருக்கையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி ஆயிற்று என்று நர்ஸ் கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"டிரெய்லர்லேருந்து விழுந்துட்டேன்."

பெவ் அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

நர்ஸ் நகர்ந்ததும் பெவ், "எந்த டிரெய்லர், நெவில்?" என்றாள்.

"நீ சும்மா இரும்மா."

"நான் கண்ணால பார்த்தேன். வண்டி நம்பர்ல பாதி மனசுல இருக்கு."

"பக்கத்துப் பண்ணை பாஸ்க் போலீஸுக்கு முழு நம்பரும் கொடுத்தான். மூணாம் வாரம் அவன் வைக்கோல் போர் எரிஞ்சுது. பக்கத்துல கன்னுக்குட்டி கொட்டாய். அந்தச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு." அவர் கண்களை மூடிக்கொண்டார். "எங்கிட்ட எண்ணூறு கட்டு வைக்கோல் இருக்கு, பெவ். வீட்டுச் சுவரை ஒட்டி. அவனுங்களுக்கு வழி தெரியும். கை கூடிடும்."

இந்த இடத்தில் எனக்கு நெவில் மீது சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவரைக் கோழையாக எழுதினேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் கோழை வாசலுக்கு நடுவே போய் நின்றிருக்க மாட்டான். அடுத்த வரைவில் அவரைத் தியாகியாக்கினேன். அதுவும் பொய். அவர் ஒரு முறை நின்று பார்த்தவர். அதற்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டவர். அவ்வளவுதான்.

4

தாள் ஒட்டிய வாரத்தில், மாற்றலாகப் போகிற இருவரில் மூத்தவரான சார்ஜண்ட் டிம்ஸ் என் கடைக்குக் காபி வாங்க வந்தார். பெவ் அவரை மறித்துக்கொண்டாள்.

"ஏழுன்னு எவன் எண்ணினான்?"

"யாரும் எண்ணலைங்க. போன் பண்ணிச் சொன்னதுதான் ஏழு."

"மத்ததெல்லாம்?"

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே." அவர் கோப்பையை மூடினார். "சொல்லாத வரைக்கும் அது நடக்கலைன்னுதான் கணக்கு."

"போன் பண்ணா முக்கால் மணி நேரம் பாட்டுதானே கேக்குது!"

"ஆமாங்க. அதனாலதான் ஏழு."

பெவ் அன்று பால் வாங்க மறந்துவிட்டுப் போனாள்.

மறுநாளே தொடங்கிவிட்டாள். பேருந்து ஓட்டாத நேரமெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊர்க்கூடத்துக்கு வாருங்கள், சார்ஜ் ஏற்றிய கைபேசியோடு வாருங்கள், டீயும் கேக்கும் உண்டு, ஒரே நேரத்தில் எல்லாரும் போன் போட்டு உட்கார்ந்திருப்போம், தனியாகக் காத்திருந்தால்தானே சலிப்பு. இவ்வளவுதான் திட்டம். சிலர் சிரித்தார்கள். வீட்டு விலை இறங்கிவிடும் என்று ஒருவர் கதவைச் சாத்தினார். அவர் வீட்டுக்கு மறுபடி இரண்டு முறை போனாள்.

கடைசியாக நெவிலின் வீடு. மாவுக்கட்டோடு அவரே கதவைத் திறந்தார்.

"உங்க கையைப் பத்திப் பேச வரலை. அது உங்க கை. ஆனா அந்த வண்டி என் பஸ் மேலயும் வந்துச்சு. அதை நான் சொல்லப் போறேன். உங்க பேரு என் வாயிலேருந்து வராது."

"எந்த ரோடு, எந்த வயலுன்னு சொன்னா எவன் வயலுன்னு தெரியாதா? உனக்கென்ன, உங்க வீட்டுல வைக்கோலா இருக்கு?"

"எங்கிட்ட இருபத்தாறு பிள்ளைங்க இருக்கு, நெவில்."

"போயிடும்மா. இனி இந்த வாசல் பக்கம் வராதே."

கதவு மூடியது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பெவ் கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பவில்லை. அழுதாளா என்று கேட்டேன். "அதையெல்லாம் எழுதாதே" என்றாள். எழுதவில்லை.

5

சனிக்கிழமை வந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். டீ பாய்லரைக் கவனித்துக்கொண்டவன் நான். சரியாகப் பத்தேகாலுக்கு எல்லாரும் எண்ணை அழுத்தினார்கள். அடுத்த நிமிடம் நாற்பத்துமூன்று கைபேசிகளிலிருந்தும் ஒரே காத்திருப்பு இசை, ஆனால் ஒன்றுக்கொன்று அரை வினாடி முன்பின்னாக. ஊர்க்கூடம் முழுவதும் தண்ணீருக்கடியில் பாண்டு வாசிப்பது போல இருந்தது. யாரோ சிரிக்க ஆரம்பித்து, அது மேசைக்கு மேசை தாவியது.

பதினொன்றுக்குப் பிறகு ஒவ்வொரு குரலாக எழும்பியது. "டீசல், முந்நூறு லிட்டர்... இல்லைங்க, மார்ச்சுல." "பதினாலு செம்மறி. காதுல பட்டை இருக்கு." "தேவாலயக் கூரை ஈயத் தகடு. ஆமா, ரெண்டாவது தடவை." பல வருடம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், அடுத்தவர் கொட்டகையில் நடந்ததை அன்றுதான் கேட்டார்கள்.

(நடந்த பலனை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம். அடுத்த தாளில் ஸ்கார்பிக்கு நேரே 94 என்று வந்தது. மாவட்டம் 'கவலைக்குரியது' ஆயிற்று. இரண்டு போலீஸ்காரர்களும் போகவில்லை. மூன்றாவதாக ஒருவர் வந்தார். ஆனால் அது இந்தக் கதையின் முடிவு இல்லை.)

பதினொன்றரைக்கு நெவில் உள்ளே வந்தார். யாரும் திரும்பிப் பார்க்காதது போல் நடித்தார்கள். நான் டீ ஊற்றிக் கொடுத்தேன். இடது கையில் கோப்பையோடு சுவரோரமாக நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் பெவ்வுக்கு லைன் கிடைத்தது. நாள், நேரம், சாலை, வண்டியின் நிறம், பாதி எண். குரல் நடுங்காமல் சொல்லிக்கொண்டு போனாள். அப்புறம் எதிர்முனையின் கேள்வி கைபேசியின் ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது.

"யாருக்காவது காயம் பட்டுச்சா?"

பெவ் நெவிலைப் பார்க்கவில்லை. மேசை விரிப்பைப் பார்த்தாள்.

"பட்டுச்சு. பேரைச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நான் இல்லை."

இங்கே ஒரு வரைவில் நெவில் கோப்பையை வைத்துவிட்டு, கூடத்தைக் கடந்து நடந்துவந்து, "அது நான்தான்" என்று கைபேசியை வாங்கிக்கொ—

நடக்கவில்லை. கோப்பையை வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். வெளியே போய்விட்டார்.

6

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் முதல் ஆளாக வந்தார். எதுவும் வாங்கவில்லை.

"அவ என் பேரைச் சொல்லலை, இல்ல?"

"சொல்லலை, மிஸ்டர் மாவர்."

"பின்னாடி கூட?"

"பின்னாடியும் இல்லை."

தலையாட்டினார். வாழ்த்து அட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வந்தவங்க எல்லாரும் சொன்னாங்களா?"

"நாற்பத்துமூணு பேரும்."

"நீ?"

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தக் கண்ணாடி, ஊர் அறிவிப்புகளெல்லாம் ஒட்டுகிற என் கடைக் கண்ணாடி, இரண்டு வருடத்தில் இரண்டு முறை உடைக்கப்பட்டது. இரண்டாவது முறை உடைத்தவன் ஓடவில்லை. உள்ளே நின்ற என் மனைவி சாந்தினியிடம், எப்போது ஊருக்குத் திரும்பிப் போகப் போகிறீர்கள் என்று கேட்டான். கேட்ட விதம் கேள்வியாக இல்லை. அவன் யாரென்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் போன் பண்ணவில்லை. புதுக் கண்ணாடி போட்டோம். யாராவது கேட்டால் லாரிச் சக்கரத்தில் தெறித்த கல் என்றோம். இந்த ஊரில் நான் தபால் நிலையக்காரனாக இருக்க விரும்பினேன், பாதிக்கப்பட்டவனாக அல்ல. சனிக்கிழமை முழுக்க டீ ஊற்றிக்கொண்டிருந்ததும் அதனால்தான். கையில் கெட்டில் இருப்பவனை யாரும் போன் எடு என்று சொல்ல மாட்டார்கள்.

பிறர் வீட்டுக் குற்றங்களை வைத்து இவ்வளவு தூரம் ஒரு கதை எழுதி வந்தவன் நான்.

"லாரியும் இல்லை, கல்லும் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும், தேவ்" என்றார் நெவில். "நான் கேக்கலை. டிரெய்லர் பத்தி நீயும் கேக்கலை."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. ஒரே மழையில் நனைந்தவர்கள் பேசிக்கொள்கிற குரல்.

நான் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினேன். அவர் போகவில்லை, உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். முப்பத்தெட்டு நிமிடம். நடுவில் வந்த இருவருக்குத் தபால்தலை கொடுத்தேன். லைன் கிடைத்ததும் நாள், நேரம், அவன் சொன்ன வார்த்தைகள், அவன் பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். சாந்தினி உள்ளறைக் கதவில் வந்து நின்று முழுவதையும் கேட்டாள்.

கடையின் தொலைபேசியை நெவிலின் பக்கம் தள்ளி வைத்தேன். கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பினேன். "நாங்க உள்ள இருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சாந்தினியோடு உள்ளே போனேன்.

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் வைக்கோல் எரிகிறது. ஒன்றில் அந்த ஆட்கள் பிடிபடுகிறார்கள். ஒன்றில் எதுவுமே நடக்கவில்லை. கிழித்துப் போடுமுன் நெவிலிடமே கேட்டேன்.

"என்ன பாஷையில எழுதற?"

"தமிழ்ல."

"அவனுங்க படிக்க மாட்டானுங்க."

"மாட்டானுங்க. ஊர்ப் பேரும் உங்க பேரும்கூட மாத்திடுவேன்."

"எல்லாத்தையும் எழுது. நான் பேசினேனா இல்லையாங்கறதை மட்டும் விட்டுடு."

விட்டுவிடுகிறேன். அவர் பேசினார் என்று எழுதினால் அது அவர் சுவரோரத்தில் இருக்கிற எண்ணூறு கட்டுகளுக்கு நான் காட்டும் வழி. பேசவில்லை என்று எழுதினால் அவரைப் பற்றி உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் வரும். அதைக் கொடுக்கிற தகுதி எனக்கில்லை. அந்த முடிவு உங்களுடையது. அவரைப் பேச வைக்கிறவர்கள், அன்றைக்குப் பிறகு அவர் அந்த வீட்டில் படுத்துத் தூங்குவதையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மௌனமாக எழுந்துபோக விடுகிறவர்கள், மறுநாள் காலை ஒன்பதேகாலுக்குப் பெவ் அந்தச் சாலையில் திரும்பி வருவதையும்.

ஒன்று மட்டும் சொல்லலாம். நாங்கள் வெளியே வந்தபோது அவர் போயிருந்தார். ரிசீவர் அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தது. சாந்தினி அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சூடாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.