வாட்ச் மாடல்

மருது மூன்று டைவ் கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்பினான். கம்ப்யூட்டர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கடலுக்குள் முங்குகிறவர்களுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார்கள், எப்போது மேலே வர வேண்டும் என்று சொல்கிற சின்னக் கருவி, அவ்வளவுதான். எனக்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். பசுமலையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலோடு என்ன பேச்சு? வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் இது.

என் வீட்டுக்காரர் ஜூடுக்கு மட்டும் கடல் பித்து. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, லீவு கிடைத்தால் ராமேஸ்வரம். அங்கே ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவன்தான் இந்த மருது.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை காலை அப்படித்தான் முங்கி எழுந்தார். வாடகைக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கும்போது திரையில் ஒரு குட்டி விமானப் படம் தெரிந்தது. விமானம் ஏறாதே என்று அர்த்தம். “நமக்கென்ன பிளேனா, காருதானே” என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். மறுநாள் கொடைக்கானலில் அவர் தங்கை டயானாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். இவர்தான் ஞானத்தந்தை, கோயிலில் பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டியவர், போகாமல் இருக்க முடியுமா?

மலையும் ஏறக்கூடாதாம். உயரம் போனால் உடம்புக்குள் கரைந்திருக்கிற காற்று குமிழியாகக் கிளம்புமாம். முங்கக் கற்றுக்கொண்டபோது அவர் பரீட்சை எழுதிப் பாஸான பாடம்தான் அது. கொண்டை ஊசி வளைவுகளில் கால் மரத்துப்போகுது என்றார். காலையில் பூசைக்குக் கிளம்ப எழுந்தவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்தார். குமிழிகள் தண்டுவடத்தில் போய் உட்கார்ந்திருந்தன. கோயிலில் பிள்ளையை வேறு யாரோ ஏந்திக்கொண்டார்கள்.

குமிழிகளைக் கரைக்க, காற்றை அழுத்தி நிரப்பிய அறைக்குள் படுக்கவைத்து என்னென்னவோ வைத்தியம் பார்த்தார்கள். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போகிறார். “அடுத்த சீசன்ல எறங்கிரலாம் ஐரின்” என்று ஓயாமல் சொல்கிறார். அந்த ஒரு நினைப்பில்தான் வலிக்க வலிக்கக் காலை எடுத்து வைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நேற்று நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது டாக்டர் போன் செய்தார். புது ஸ்கேனைப் பார்த்துவிட்டாராம். நடை இன்னும் கொஞ்சம் தேறும், கடல் மட்டும் இனி கிடையவே கிடையாது, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். பக்குவமாம்! ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். இதை எப்படிச் சொல்வது என்று எந்த டிரெயினிங்கிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டுக்கு வந்து அவருக்குப் பிடித்த ரசத்தை வைத்தேன். வாய் வரவில்லை. இன்றைக்குப் பார்த்து, அடுத்த சீசனுக்குச் சொந்தமாக ஒன்று வாங்க இவர் சொல்லிவைத்திருந்தபடி மருது வந்து நிற்கிறான்.

“அண்ணே, இது சிலிண்டர் குழாயில தொங்குற மாடல். உள்ள காத்து எம்புட்டு இருக்குன்னும் இதுலயே பாத்துக்கலாம்.”

“வேணாம் மருது. போன தடவ இதத்தானே வாடகைக்கு எடுத்தேன். கரையேறுனதும் சாமானோட சாமானாப் போயிருச்சு. சொந்தமா ஒண்ணு கையில கெடந்திருந்தா, மலை ஏறுற வரைக்கும் அந்தப் பிளேன் படம் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்திருக்கும்ல?”

மருது அதை எடுத்துப் பைக்குள் வைத்தான். அவன் மேல் தப்பொன்றும் இல்லை. அன்றைக்கு இவர் கிளம்பிய நேரம் அவன் வேறு ஆட்களோடு கடலுக்குள் இருந்தான்.

மிச்சம் இரண்டு. ஒன்று மணிக்கட்டில் கட்டுகிற பெரிய திரை. இன்னொன்று சாதாரண வாட்ச் அளவு. “ஐரின், ஒரு வாளியில தண்ணி கொண்டா” என்றார். தண்ணீர் பட்டால் திரை தானாக விழித்துக்கொள்ளுமாம். கொண்டுவந்து வைத்தேன். பெரியதைக் கட்டிக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட்டார். திரை எரிந்தது.

“பாரு, எழுத்து எம்புட்டுப் பெருசு! கண்ணாடி போடாமலே தெரியுது.”

ஞானஸ்நானத்துக்கென்று எடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்த நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

“இதயே குடுத்துரு மருது. தண்ணிக்குள்ள இதான் சரி.”

நான் அந்தச் சின்னதை எடுத்தேன்.

“ஏங்க, இத வாங்குங்க.”

“அதுவா? எழுத்து எறும்பு மாதிரில இருக்கு. தண்ணிக்குள்ள எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெனமும் கட்டிக்கிரலாம்ங்க. ஆபீசுக்குப் போகைல, பூசைக்குப் போகைல...”

“பூசைக்குக் கட்டிக்கிட்டுப் போறதுக்கா டைவ் கம்ப்யூட்டர் வாங்குறோம்?” என்று கேலியாக மருதுவைப் பார்த்தவர், மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கை இன்னும் வாளிக்குள்ளேயே இருந்தது.

“டாக்டர் போன் பண்ணாரா?”

“ம்.”

மருது எழுந்து, “மதினி, வண்டிய வெயில்ல விட்டுட்டேன், பாத்துட்டு வாரேன்” என்று வெளியே போய்விட்டான்.

அவர் கையை வெளியே எடுத்தார். பெரியதைக் கழற்றிக் கைலியில் துடைத்து, அதன் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து மூடினார். பிறகு இடது கையை என்னிடம் நீட்டினார். நான் சின்னதைக் கட்டிவிட்டேன். கடலுக்குள் போடுகிற தடித்த உடுப்புக்கு மேல் கட்டுவதற்கான நீளப் பட்டை அது. இளைத்துப்போன மணிக்கட்டில், கடைசி ஓட்டைவரை இழுத்தும் தொளதொளவென்று கிடந்தது.

“மணி என்ன காட்டுது ஐரின்? நீயே பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியல.”

கண்ணாடி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கின. எனக்கும் தெரியவில்லை.