மூப்பர் ஆவதற்கு முன்

திருவேற்காட்டில் அந்தத் தெருவில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது நாலாவது வீடு வரைக்கும் தெரிந்துவிடும். கோமளா அடி வாங்குவது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவள் புருஷன் அழகேசன் அப்படி ஒரு கெட்டிக்காரன். கை ஓங்குவதற்கு முன்னால் ஹாலில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் துதிப்பாடல் போடுவான். சத்தத்தை நன்றாக ஏற்றுவான். கதவைத் தாழிட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி டிவி பக்கத்தில் பத்திரமாக வைப்பான். அதற்கப்புறம்தான் அவளைக் கூப்பிடுவான். முகத்தில் மட்டும் அடிக்க மாட்டான். என்ன பக்தியான குடும்பம் என்று தெரு மெச்சிக்கொள்ளும்.

ஒரே மகள் ஸ்வாதியை ஆறாம் வகுப்பிலேயே ஹாஸ்டலில் சேர்த்துவிட்டான். நல்ல படிப்பு கிடைக்குமாம். வீட்டில் இன்னொரு ஜோடிக் கண் இருக்கக் கூடாது, அதுதான் சங்கதி. இப்போது அவள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் அவளுக்கு அப்பா தங்கமான மனுஷன்.

இந்தத் தங்கமான மனுஷனைத்தான் சபையில் மூப்பராக்கப் போகிறார்கள்.

சபை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. பாஸ்டர் கிருபாகரன் நல்லவர். அப்போஸ்தலர் காலத்துச் சபை எப்படி நடந்ததோ அப்படியே இதுவும் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர். மூப்பர் என்றால் பாஸ்டருக்கு அடுத்த இடம். சண்டை போட்டுக்கொண்டு வருகிற புருஷன் பெண்டாட்டியை உட்கார வைத்துப் புத்தி சொல்வதுகூட மூப்பரின் வேலைதான். அதனால் வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் ஒரு மாதமாக இதையே எடுத்தார். மூப்பராகிறவன் குடிக்கக் கூடாது. கை நீட்டுகிறவனாக இருக்கக் கூடாது. தன் வீட்டை ஒழுங்காக நடத்த வேண்டும், சபைக்கு வெளியே இருப்பவர்களும் அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும். கை நீட்டுகிறவன் என்ற இடத்தில் கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். அழகேசன் தன் வேதத்தில் அந்த வரிக்கு நிதானமாகச் சிவப்புக் கோடு போட்டான்.

கடைசி வெள்ளிக்கிழமை பாஸ்டர் இன்னொன்றையும் சொன்னார். மூப்பராகிவிட்ட ஒருவர்மேல் யாராவது தனியாளாக வந்து குற்றம் சொன்னால் அதை ஏற்கக் கூடாது. இரண்டு மூன்று சாட்சி வேண்டும். வீண்பழியிலிருந்து நல்லவர்களைக் காப்பாற்ற அந்தக் காலத்திலேயே வைத்த விதி இது என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது வேலப்பன்சாவடி சிக்னலில் பைக் நின்றது. அழகேசன் பாதி முகத்தைத் திருப்பினான்.

"கேட்ட இல்ல? ரெண்டு சாட்சி வேணும்."

பச்சை விழுந்தது, வண்டி கிளம்பியது. 

இத்தனை வருஷமும் கோமளா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என்றைக்காவது சொல்லலாம் என்று ஒரு மூலையில் வைத்திருந்தாள். அந்த மூலைக்கும் இப்போது பூட்டுப் போடப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் தலையில் பாஸ்டர் கை வைத்து மூப்பராக்கிவிட்டால், அதன்பிறகு அவள் தனியாகச் சொல்வது செல்லாது. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவாள்? ஸ்பீக்கரையா?

சனிக்கிழமை பாஸ்டரும் மூத்த மூப்பரான பரந்தாமனும் வந்தார்கள். வெளியார் நற்சாட்சி வாங்க வேண்டுமே, அதற்கு. முதல் மாடியில் வீட்டுக்கார அம்மா சாமுண்டீஸ்வரி இருக்கிறாள். அந்த ஊரில் பல தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம். நிலத்தை விற்ற பிறகு வீட்டைக் கட்டி, கீழ்ப் போர்ஷனை இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். நெற்றி நிறையக் குங்குமமும் வாய் நிறையப் பேச்சுமாக இருப்பவள். அவளிடம் விசாரிக்க மாடிக்குப் போனவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு கோமளா படியேறினாள். அந்த அம்மாள் ஏதாவது சத்தத்தைக் கேட்டிருப்பாளோ என்று பயம். எதையுமே கேட்டிருக்க மாட்டாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"அந்த ஆளா? தங்கமான மனுசன்பா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "எந்நேரமும் சாமி பாட்டுதான். நேத்து காத்தால கூட நான் மாடிப்படி கூட்டிகினு இருந்தேன், அப்படியே அலறிக்கினு கெடந்துச்சு. இந்த மாதிரி குடும்பம் கெடைக்கணுமே!"

நேற்றுக் காலையில் வாங்கிய அடியில் கோமளாவால் இடது தோளைத் தூக்க முடியவில்லை. தட்டை வலது கையில்தான் பிடித்திருந்தாள். அவள் பட்ட அடியே அவனுக்கு நற்சாட்சியாகிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. 

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகேசனே அவள் புடவைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தான்.

"ஒரே ஒரு வார்த்தைதான். சொல்லிட்டு வந்து உக்காந்துடு," என்றான் மெதுவாக. அவன் கத்தினால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் இல்லை.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்பரின் தலையில் கை வைப்பதற்கு முன்னால் அவர் மனைவியை முன்னே கூப்பிட்டு, இவர் தன் வீட்டை நன்றாக நடத்துகிறாரா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பார்கள். அவள் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவாள். இதுவரை வேறு எதையும் எந்தப் பெண்ணும் சொன்னதில்லை. சொல்வாள் என்று யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. அந்த நேரத்துக்குப் பிரியாணி அண்டா படியேறி வந்துவிடும், சனத்துக்கு நினைப்பெல்லாம் அதன்மேல்தான்.

விருந்துக்கு அழைத்திருந்ததால் சாமுண்டீஸ்வரியும் வந்திருந்தாள். பட்டுப்புடவை சரசரக்க, கடைசி வரிசையில் ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலி பிடித்திருந்தாள்.

அழகேசன் வெள்ளைச் சட்டையில் முன்னே போனான். பாஸ்டர் தலையில் பூசும் ஜெப எண்ணெய் பட்டுவிடும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோமளாவிடம் கொடுத்துவிட்டு முழங்காலிட்டான். அவன் கடிகாரத்தைக் கழற்றியதுமே அவள் உடம்பு தானாகச் சுருங்கியது.  இத்தனை பேர் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறோம் என்பது புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை.

"சிஸ்டர், பிரதர் அழகேசன் தன் வீட்டை நல்லா நடத்துறாரா?" என்று கேட்டார் பாஸ்டர்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய் உட்கார்ந்துவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். கையில் கடிகாரம் இன்னும் சூடாக இருந்தது.

"பாட்டு சத்தமா வைக்கிற அன்னைக்கெல்லாம் என்னை அடிப்பாரு ஐயா."

கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான். அழகேசன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பிடரி மட்டும் சிவந்தது. அதைப் பார்த்ததும் இன்றைக்கு நான் செத்தேன் என்று கோமளா நினைத்தாள்.

பரந்தாமன் எழுந்தார். கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. பாடத்தை ஒழுங்காகக் கேட்டவர், அவ்வளவுதான்.

"சிஸ்டர், மூப்பர் மேல குத்தம் சொன்னா ரெண்டு மூணு சாட்சி வேணும். நீங்களும்தானே கேட்டீங்க?"

"அவரு இன்னும் மூப்பர் ஆகலையே பிரதர்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "இன்னும் ஆகலையே. அதனாலதான் இப்பவே சொல்றேன். நீங்க கை வச்சிட்டா அப்புறம் நான் சொன்னா செல்லாது."

பூசுவதற்கு எடுத்த எண்ணெய்ப் புட்டியைப் பாஸ்டர் தாழ்த்தினார். அழகேசன் எழுந்து சபையைப் பார்த்துச் சோகமாகச் சிரித்தான்.

"அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல பாஸ்டர். வெளிய சொல்ல வேணாம்னு இருந்தேன். எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

ஐயோ பாவம் என்று சனம் உச்சுக்கொட்டியது, அவனுக்காக! கோமளாவுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் முடிந்தது. இனி வீட்டுக்குப் போக வேண்டும், கதவு சாத்தப்படும்.

"இரு இரு," என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. சாமுண்டீஸ்வரி எழுந்து நின்றிருந்தாள். "வெள்ளிக்கெழம காத்தால ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொரு பாட்டு வர்றதுக்குள்ள உள்ள ஒரு அழுக கேட்டுச்சுப்பா. 'வேணாம், வேணாம், உட்ருங்க'ன்னு. நீங்கல்லாம் சாமி கும்பிட்டா அழுதுகினேதான கும்பிடுவீங்க? நான் அதுதான்னு நெனச்சுகினு படிய கூட்டிகினு போய்ட்டேனே! நேத்து இந்த ஐயாகிட்ட நல்ல மனுசன்னு வேற சொன்னேன். அய்யய்யோ, அது ஜெபம் இல்லியா? இன்னா கோமளா, அது ஜெபம் இல்லியா?"

கோமளா இல்லை என்று தலையாட்டினாள்.  கண்ணீர் விட்டு ஜெபிக்கிறவர்கள்தான் அங்கே எல்லாருமே. பாஸ்டர் எண்ணெய்ப் புட்டியை மூடினார்.

"இந்தத் தலையில என் கை படாது," என்றார்.

பிரியாணி வீணாகவில்லை, அது வேறு கதை. சாப்பிட மனமில்லாமல் சாமுண்டீஸ்வரி கோமளாவை ஆட்டோவில் ஏற்றித் தன் வீட்டுக்கே கூட்டிப் போனாள். மாடிக் கதவைச் சாத்தி மோர் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. கடிகாரம் இன்னும் கோமளாவின் கையிலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே பைக் சத்தம் கேட்டது. கேட் திறந்தது. பிறகு பாட்டு ஆரம்பித்தது.

உள்ளே அவன் ஒருவன்தான் இருந்தான். அவளுக்காகத்தான் போட்டான். இறங்கி வா என்று அர்த்தம். சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கோமளா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.  அடிக்க ஆள் பக்கத்தில் இல்லாதபோதே அடி விழுந்துகொண்டிருந்தது.

சாமுண்டீஸ்வரி ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தாள். நேரே பால்கனிக்குப் போனாள்.

"பொன்னியம்மா! லோகநாயகி! வெளிய வாங்கடி! பாட்டு போட்டுட்டான்!"

என்ன ஏது என்று தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கேட் முன்னால் நின்றார்கள். சாமுண்டீஸ்வரி இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. அது முடிந்து, அடுத்தது வருவதற்குள் எப்போதும் வருமே ஒரு சின்ன இடைவெளி, அதில் சாமுண்டீஸ்வரியின் குரல்தான் தெரு முழுக்கக் கேட்டது.

"அழகேசா, கதவத் தெற! இப்ப யார அடிக்கிற உள்ள?"

அடுத்த பாட்டு வரவில்லை. மாடியில் கோமளா தலையிலிருந்து கையை எடுக்காமல், அது வரும் வரும் என்று வெகுநேரம் காத்துக்கொண்டிருந்தாள்.